அத்தர் வாங்கணுமா, முதல்ல கையில போட்டுட்டு ஒரு நாள் சுத்துங்க

ஆறு வருஷம் முன்னாடி கிருஷ்ணகிரியில ஒரு கடையில மல்லி அத்தர் வாங்கினேன், 12 மில்லி பாட்டில். மூடியத் திறந்து மோந்து பாத்ததும் சாயங்காலம் பூக்கார அக்கா ஈரத்துணிய விலக்கிக் கூடையத் திறந்தா வருமே, அப்படியே அந்த வாசம், யோசிக்கவே இல்ல, காசைக் கொடுத்துட்டேன். ரெண்டு மணிக்கட்டுலயும் நல்லா தேச்சுக்கிட்டு தருமபுரி பஸ் ஏறினேன். காவேரிப்பட்டணம் வரைக்கும் மல்லி. காரிமங்கலம் தாண்டும்போது அந்த இனிப்பு எங்கயோ இறங்கிப் போயிடுச்சு, கையில வேற ஏதோ கனமா ஒண்ணு உக்காந்திருக்கு. தருமபுரியில இறங்கி வீட்டுக்குள்ள நுழைஞ்சா அம்மா, "ஏன்டா, பீரோவத் திறந்தியா, அந்துருண்டை நாத்தம் அடிக்குது"ன்னாங்க.

கடைக்காரர் ஏமாத்திட்டார்னு ரொம்ப நாள் திட்டிட்டு இருந்தேன். அப்றம் ஒரு நாள் மாமா பையன் வந்தான், அதே பாட்டில எடுத்துப் போட்டுக்கிட்டான், அவன் மேல ராத்திரி வரைக்கும் மல்லி மல்லியாவே இருந்துச்சு. அப்பதான் உறைச்சுது, பாட்டில்ல ஒண்ணும் குத்தம் இல்ல, நான் வாங்கின விதத்துலதான் குத்தம். ஒரு எண்ணெய பாட்டில்ல மோந்து பாத்து வாங்குறது பஸ் கிளம்புற இடத்த மட்டும் பாத்துட்டு டிக்கெட் எடுக்குற மாதிரி, அது எங்க போய் நிக்கும்னு உங்க தோல் மேல போட்டுப் பாத்தாதான் தெரியும். புதுசா அத்தர், பர்ஃப்யூம் ஆயில்னு ஆரம்பிக்கிறவங்க என்ன மாதிரி காச விட வேணாம்னு தெரிஞ்சத எழுதுறேன்.

பாட்டில்ல இருக்குறது என்னன்னு கேளுங்க

நம்ம ஊர்ல எல்லாத்தையும் அத்தர்னுதான் சொல்றோம், ஆனா உள்ள ரெண்டு மூணு ஜாதி இருக்கு. பழைய முறை அத்தர்னா உத்தரப்பிரதேசத்துல கன்னோஜ்ங்கிற ஊர்ல செய்றது, பூவையும் தண்ணியையும் பெரிய செம்பு அண்டாவுல போட்டு மூடி மண்ணு பூசி அடுப்பு மூட்டுவாங்க, ஆவி மூங்கில் குழாய் வழியா இன்னொரு செம்புப் பாத்திரத்துக்குப் போகும், அதுல ஏற்கனவே சந்தன எண்ணெய் இருக்கும், பூவோட வாசம் அதுல போய் ஒட்டிக்கும். அண்டாவுக்கு டேக், வாங்குற பாத்திரத்துக்கு பப்கானு பேரு. சந்தன எண்ணெய்தான் அடிப்படைங்கிறதால விலை எகிறும், இப்ப நெறைய இடத்துல சந்தனத்துக்கு பதிலா வாசமில்லாத வேற எண்ணெய்தான் ஊத்துறாங்க.

ரெண்டாவது ரூஹ், அதாவது எதுலயும் கலக்காத சுத்தமான எண்ணெய். ரூஹ் குலாப்னா ரோஜா, ரூஹ் கஸ்னா வெட்டிவேர். ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க 3 டன்னுக்கு மேல பூ வேணும், அதனால 100 ரூபாய்க்கு யாராவது சுத்த ரோஜா எண்ணெய்னு கொடுத்தா சிரிச்சுட்டு நகந்துடுங்க.

மூணாவதுதான் நாம பெரும்பாலும் வாங்குறது, பர்ஃப்யூம் ஆயில். லேப்ல செஞ்ச வாசனைப் பொருளும் கொஞ்சம் இயற்கை எண்ணெயும் சேத்து, டிபிஜி மாதிரி வாசமில்லாத ஒரு திரவத்துல கலந்து வர்றது. இத கேவலமா பேசுறவங்க இருக்காங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நல்லா செஞ்ச பர்ஃப்யூம் ஆயில் மோசமா செஞ்ச அத்தர விட எவ்வளவோ மேல். என்ன வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்குனா போதும்.

அளவு தோலா கணக்குல சொல்வாங்க, ஒரு தோலான்னா 11 கிராம் சொச்சம், கடையில அது 12 மில்லி பாட்டில், அரை தோலா 6, கால் தோலா 3. புதுசா வாங்குறவங்க 3 மில்லிக்கு மேல தொடவே தொடாதீங்க. 3 மில்லின்னா சுமாரா 60 சொட்டு, ஒரு நாளைக்கு ஒரு சொட்டு போட்டாலே ரெண்டு மாசம் ஓடும்.

கடைக்குப் போறப்ப

காலைல போங்க, குளிச்சுட்டு போங்க, ஆனா வாசனை சோப்பு, பவுடர், டியோ எதுவும் வேணாம். பவுடர் பூசுன கையில அத்தர் போட்டா பவுடரோட வாசம்தான் முதல்ல வந்து நிக்கும். தலைக்கு தேங்காய் எண்ணெய் வெச்சிருந்தா பரவால்ல, காது பக்கம் மட்டும் டெஸ்ட் பண்ணாதீங்க.

கிருஷ்ணகிரி பழையபேட்டை பக்கம், தருமபுரியில மசூதி பக்கம், ஓசூர்லன்னா பஜார்ல சின்னச் சின்ன கடைங்க இருக்கும், கண்ணாடி அலமாரியில வரிசையா பாட்டில், ஒவ்வொண்ணுலயும் ஒரு கண்ணாடிக் குச்சி. பாய்கிட்ட நேராவே சொல்லிடுங்க, "பாய், இன்னைக்கு வாங்கல, கையில போட்டுட்டு நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்"னு. நல்ல கடைக்காரர் கோவப்பட மாட்டார். நான் வழக்கமா போற கடையில அந்த பாயே, "போட்டுட்டுப் போங்க தம்பி, அஸர் தொழுகைக்கு அப்றம் வந்து சொல்லுங்க"ன்னுதான் அனுப்புவார். இன்னைக்கே வாங்குனா 20 ரூபா குறைக்கிறேன்னு அவசரப்படுத்துற கடையா இருந்தா அடுத்த கடைக்குப் போறது நல்லது.

ஒரு நாளைக்கு ரெண்டு வாசம், மிஞ்சிப்போனா மூணு. அதுக்கு மேல மூக்கு வேலை செய்யாது, எல்லாம் ஒரே மாதிரி இனிப்பா தெரியும். சில கடையில காபிக்கொட்டைய மோந்து பாக்கச் சொல்வாங்க, மூக்கு பழையபடி ஆயிடும்னு. சோதிச்சுப் பாத்ததுல காபிக்கொட்டைக்கும் வெறும் காத்துக்கும் பெருசா வித்தியாசம் வரல. வெளிய வந்து ரெண்டு நிமிஷம் நில்லுங்க, இல்லன்னா உங்க சட்டைத் தோள்பட்டைய மோந்து பாருங்க, அது போதும்.

பேப்பர்ல தடவிக் கொடுத்தா வாங்கிக்கோங்க, ஆனா அத வெச்சு முடிவெடுக்காதீங்க. பேப்பருக்குச் சூடு கிடையாது, பிசுக்கு கிடையாது, வேர்வை கிடையாது. நம்ம தோலோட மேல்பக்கம் 32, 33 டிகிரி சூட்டுல எப்பவும் இருக்கு, அது ஒரு சின்ன அடுப்பு மாதிரி எண்ணெயக் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாக்கிட்டே இருக்கும்.

எங்க போடணும்

எல்லாரும் மணிக்கட்டும்பாங்க. நான் முழங்கை மடிப்புக்கு உள்பக்கம்னு சொல்வேன். காரணம் ரொம்ப சாதாரணம், நாம கையால சாப்பிடுறவங்க, மத்தியானம் களியும் கீரைக்குழம்பும் சாப்ட்டு கை கழுவுறப்ப மணிக்கட்டு வரைக்கும் சோப்பு போட்டு தேச்சா அங்கயே டெஸ்ட் முடிஞ்சுது. முழங்கை மடிப்பு சூடாவும் இருக்கும், தண்ணியும் படாது. இடது பக்கம் ஒரு வாசம், வலது பக்கம் ஒண்ணு, எது எந்தப் பக்கம்னு போன்ல எழுதி வெச்சுக்கோங்க, கண்டிப்பா மறந்துடும்.

குச்சியால ஒரு தொடு, அவ்வளவுதான். ரெண்டு கையையும் சேத்து வெச்சு பரபரன்னு தேக்காதீங்க. தேச்சா வாசம் உடைஞ்சுடும்னு சொல்வாங்க, அதெல்லாம் ஒண்ணும் உடையாது, தேய்க்கிற சூட்டுல லேசான வாசம் சீக்கிரம் பறந்துடும், அந்த ஆரம்பத்த நீங்க பாக்காமயே போயிடும், அதான் விஷயம்.

இதுக்கு முந்தி ஒரு வேலை இருக்கு, அலர்ஜி டெஸ்ட். தோல் கொஞ்சம் ஒத்துக்காத ஆளா இருந்தா முழங்கை உள்பக்கம் ஒரு புள்ளி வெச்சுட்டு ஒரு நாள், முடிஞ்சா ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. செவந்தாலோ அரிச்சாலோ விட்டுடுங்க, எவ்வளவு நல்ல வாசமா இருந்தாலும் சரி. பட்டை, கிராம்பு வாசம் தூக்கலா இருக்குற எண்ணெய்ங்க நெறைய பேருக்கு எரியும். இன்னொண்ணு, பெர்கமாட், எலுமிச்சை மாதிரி தோல் பிழிஞ்சு எடுத்த எண்ணெய் இருக்குற வாசத்தப் போட்டுக்கிட்டு வெயில்ல போகாதீங்க, அதுல இருக்குற ஒரு பொருள் வெயில் பட்டா தோலப் புண்ணாக்கி கறுப்புத் திட்டு விழ வெச்சுடும், மாசக்கணக்குல போகாது. கழுத்துல போட்டுக்கிட்டு பைக்ல போறவங்க இதக் கொஞ்சம் கவனிங்க. கைக்குழந்தைக்கு எதுவுமே வேணாம்.

எப்பெப்ப மோந்து பாக்கணும்

போட்டதும் ஒரு தடவ, அரை மணி கழிச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு, சாயங்காலம், படுக்கப் போறப்ப. நடுவுல சும்மா சும்மா மூக்க வெக்காதீங்க. ஒவ்வொரு தடவயும் ஒரு வரி எழுதுங்க, "மர நோட், ரோஸ் நோட்"னு பெரிய பெரிய வார்த்தையெல்லாம் வேணாம், "பாட்டி டிரங்குப் பெட்டி", "மாங்கா மரத்தடி", "சலூன்", இப்படி உங்களுக்கு என்ன தோணுதோ அத எழுதுங்க. என் நோட்டுல ஒரு ஊத் (அகில்) எண்ணெய்க்கு நேரா "10 மணி ஆட்டுப்பட்டி, 12 மணி கோயில்"னு எழுதி வெச்சிருக்கேன், இன்னைக்கும் படிச்சா அந்த வாசம் ஞாபகம் வருது.

ஏன் இப்படி மாறுதுன்னா, ஒரு வாசனை எண்ணெய்ல பல பொருள் இருக்கும், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல ஆவியாகும். எலுமிச்சை, ஆரஞ்சு, புதினா மாதிரி லேசானது 10, 20 நிமிஷத்துல பறந்துடும். பூ, மசாலா எல்லாம் அடுத்து வந்து ரெண்டு மூணு மணி நேரம் நிக்கும். சந்தனம், வெட்டிவேர், அகில், பச்சௌலிங்கிற இலை, மஸ்க்னு சொல்ற கஸ்தூரி இதெல்லாம் கடைசி ஆளுங்க, மெதுவா வரும், மறுநாள் குளிக்கிற வரைக்கும் கூட இருக்கும். ஸ்ப்ரே சென்ட்ல ஆல்கஹால் இருக்கு, அது சட்டுனு ஆவியாகும்போது வாசத்தையும் தூக்கிக்கிட்டு அறை முழுக்க வீசும். எண்ணெய் அப்படி வீசாது, தோலோட ஒட்டி, பக்கத்துல வர்றவங்களுக்கு மட்டும் தெரியுற மாதிரி இருக்கும். ஸ்ப்ரே போட்டு பழகினவங்க முதல் வாரம் "என்னடா வாசமே வரல"ன்னு இன்னும் ரெண்டு கோடு இழுப்பாங்க, அது தப்பு, அந்த தப்ப ஷேர் ஆட்டோல பக்கத்துல உக்காந்தவங்கதான் அனுபவிப்பாங்க.

என் மல்லி ஏன் அந்துருண்டையாச்சுங்கிறதும் இதுலயே இருக்கு. மல்லி வாசத்துல பென்சைல் அசிடேட்னு ஒண்ணு, பழம் மாதிரி இனிப்பா இருக்கும், அது லேசு, சீக்கிரம் போயிடும். இண்டோல்னு இன்னொண்ணு, அது தனியா இருந்தா அந்துருண்டை வாசம்தான், இன்னும் அதிகமா இருந்தா சொல்லக்கூடாத வாசம். ரெண்டும் சேந்து இருக்குற வரைக்கும் மல்லி. இனிப்பு காலியாகி இண்டோல் மட்டும் மிஞ்சுனா என் மணிக்கட்டு. நேத்து வெச்ச குண்டுமல்லிய இன்னைக்குக் காலைல தலையிலருந்து எடுத்து மோந்து பாருங்க, அந்தக் கனமான வாசம் கொஞ்சம் புரியும்.

அவனுக்கு நல்லாருக்கு, எனக்கு ஏன் இல்ல

பாடி கெமிஸ்ட்ரின்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் மூணு விஷயம்தான் பெருசு: தோல்ல எவ்வளவு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு, எவ்வளவு சூடு, எவ்வளவு வேர்வை. வறண்ட தோலா இருந்தா வாசனை எண்ணெய் பிடிச்சு நிக்க ஒண்ணும் இருக்காது, சீக்கிரம் போயிடும், லேசானது முதல்ல ஓடிடும். பிசுக்கான தோல் பிடிச்சு வெச்சு மெதுவா விடும். மாமா பையன் பிசுக்குத் தோல், நான் டிசம்பர் வந்தா கை கால்ல கோடு போட்டா வெள்ளையா தெரியுற ஆளு.

இத ஒரு தடவ சோதிச்சே பாத்தேன். ஒகேனக்கல் போய் அங்க பாறையில படுத்து எண்ணெய் மசாஜ் பண்ணிக்கிட்டேன், குளிச்சுட்டு வந்து பாத்தா சோப்பு சரியா போடாததால இடது கையில எண்ணெய்ப் பசை அப்படியே இருக்கு, வலது கைய நல்லா தேச்சுக் கழுவியிருந்தேன். ரெண்டுலயும் ஒரே வெட்டிவேர் எண்ணெயத் தொட்டேன். பென்னாகரம் வழியா பஸ்ல திரும்பி வீட்டுக்கு வந்து, சாப்ட்டு, டிவி பாத்து, படுக்குறப்ப வலது கையில இருக்கா இல்லையான்னு தேட வேண்டியிருந்துச்சு, இடது கையில நல்லாவே இருந்துச்சு. அதுலருந்து வாசம் போடுற இடத்துல முன்னாடியே வாசமில்லாத ஒரு எண்ணெய், இல்லன்னா வாஸ்லின், ஒரு பொட்டு தடவிட்டுதான் போடுவேன். தேங்காய் எண்ணெய் தடவலாம், ஆனா அதுக்குன்னு ஒரு வாசம் இருக்கு, மல்லிக்கும் சந்தனத்துக்கும் அது சேரும், ரோஜாவோட சேராது. நல்லெண்ணெய் எதோடயும் சேராது.

அதேமாதிரி சனிக்கிழமை எண்ணெய் தேச்சு அரப்போ சீயக்காயோ போட்டுக் குளிச்ச அன்னைக்கு டெஸ்ட் பண்ணாதீங்க. அரப்பு இருக்குற பிசுக்க எல்லாம் உருவிட்டுப் போயிடும், அன்னைக்கு எந்த வாசமும் நிக்காது. மஞ்சள் தேச்சுக் குளிக்கிறவங்களுக்கு அந்த மஞ்சள் வாசம் கூடவே வரும், அது கெட்டது இல்ல, சந்தனத்தோட சேந்தா கல்யாண வீடு மாதிரி இருக்கும், ஆனா எண்ணெயோட சொந்த வாசம் எதுன்னு தெரியாது.

வேர்வை பத்தி ஒண்ணு. புது வேர்வைக்கு வாசம் ரொம்ப கம்மி, தோல் மேல இருக்குற கிருமிங்கதான் அத நாத்தமாக்குது, முக்கியமா அக்குள்ல. அக்குள்ல அத்தர் போட்டு நாத்தத்த மறைக்கப் பாக்குறவங்க இருக்காங்க, ரெண்டும் சேந்து மூணாவதா ஒண்ணு வரும், வேணாங்க. பூண்டு நெறைய சாப்ட்டாலும் வேர்வையில தெரியும், அதனால டெஸ்ட் பண்ற அன்னைக்கு பூண்டுக் குழம்ப ஒத்திப் போடுங்க.

ஊரும் ஒரு விஷயம். ஓசூர் கடல் மட்டத்துலருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், சாயங்காலமானா குளுகுளுன்னு ஆயிடும், அங்க ஊத், ஆம்பர் மாதிரி கனமானது அழகா விரியும். அதையே மே மாசம் தருமபுரியில மத்தியானம் ரெண்டு மணிக்குப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நின்னு பாருங்க, உங்களுக்கே மூச்சு முட்டும். சூடு ஏற ஏற ஆவியாகுற வேகம் கூடும், வாசம் ஓங்கி அடிச்சுட்டு சீக்கிரம் முடிஞ்சும் போயிடும். ஓசூர்ல வேலை, வீடு தருமபுரின்னு வாரா வாரம் போய் வர்ற ஆளா இருந்தா ரெண்டு ஊர்லயும் ஒரு நாள் போட்டுப் பாருங்க, ரெண்டு வேற வாசம் மாதிரி இருக்கும். நான் வெயில் காலத்துக்கு வெட்டிவேர், குளிருக்கு ஊத்னு பிரிச்சு வெச்சிருக்கேன்.

ஒவ்வொண்ணும் தோல்ல எப்படி நடந்துக்கும்

சந்தனம்: நல்ல சந்தன எண்ணெய் பாட்டில்ல அமைதியா இருக்கும், புதுசா மோந்து பாக்குறவங்க "இவ்வளவுதானா"ம்பாங்க. தோல்ல போட்டு ஒரு மணி நேரம் ஆனா பால் மாதிரி ஒரு மெத்துன்னு வரும், ராத்திரி வரைக்கும் நிக்கும். மூடியத் திறந்ததும் சந்தனம் சந்தனம்னு கத்துனா அது பெரும்பாலும் லேப் சந்தனம். நம்ம பக்கம் சந்தனம்னாலே காடும் போலீஸும் ஞாபகத்துக்கு வர்ற காலம் ஒண்ணு இருந்துச்சு, 2004ல பாப்பாரப்பட்டி பக்கம் வீரப்பனோட அந்தக் கதை முடிஞ்சுது. மரத்தோட விலை மட்டும் இறங்கவே இல்ல, எண்ணெய் விலையும் அப்படித்தான்.

வெட்டிவேர்: எனக்குப் பிடிச்சது, அதனால பாரபட்சமாதான் சொல்வேன். பானைத் தண்ணியில போட்ட வேர், நனைஞ்ச மண், முதல்ல அப்படித்தான் வரும், கொஞ்சம் கரடா இருக்கும். ஒரு மணி நேரத்துல மரமும் லேசா இனிப்பும் வரும். எண்ணெய் கெட்டியா இருக்கும், அவசரப்பட்டு நெறைய தொட்டுடாதீங்க. ரூஹ் கஸ் பச்சையா இருந்தா பயப்படாதீங்க, செம்புப் பாத்திரத்துல காய்ச்சுறதால வர்ற நிறம்.

ரோஜா: இங்க ஒரு சின்ன குழப்பம் இருக்கு. ஓசூர் பக்கம் பசுமைக்குடில்ல வளர்ற ரோஜா காதலர் தினத்துக்கு விமானம் ஏறிப் போகுது, பாக்க அழகு, மூக்குல வெச்சா ஒண்ணும் இருக்காது. நீளத் தண்டும் பல நாள் வாடாம இருக்குறதும்தான் அந்த ரகத்துக்கு முக்கியம், வாசம் அதுல விட்டுப் போச்சு. அத்தருக்குப் போறது வேற ரோஜா, நம்ம பன்னீர் ரோஜா மாதிரி வாசம் இருக்கும். சுத்த ரோஜா எண்ணெய் குளிர்ல உறையும், 20 டிகிரி பக்கம் வந்தாலே பாட்டில்ல கண்ணாடித்தூள் மாதிரி கட்டும், கையில கொஞ்ச நேரம் பிடிச்சா கரைஞ்சுடும், கெட்டுப்போச்சுன்னு நெனைக்காதீங்க. என் தோல்ல ரோஜா ஒன்றரை மணி நேரம்தான், அதனால நான் ரோஜாவ சந்தனத்து மேல வெச்சுதான் போடுவேன்.

ஊத், அதாவது அகில்: பழைய தமிழ்ப் பாட்டுல எல்லாம் பொண்ணுங்க தலைமுடி காயப் போட்ட அகில் புகை இதேதான். மரத்துல ஒரு பூஞ்சை பிடிச்சு, அத எதிர்த்து மரம் சுரக்குற பிசின்தான் வாசமே. சில ஊத் எண்ணெய் முதல் அரை மணி ஆட்டுப்பட்டிதான், சத்தியமா. புதுசா வர்றவங்க அங்கயே கையக் கழுவிடுவாங்க. பொறுத்திருந்தா அடுத்து வர்றது வேற லெவல். ஆனா பொறுமை இல்லாதவங்க இதுல காசு போட வேணாம்.

மண் வாசம்: கன்னோஜ்ல சுட்ட மண் ஓட்ட அண்டாவுல போட்டுக் காய்ச்சி சந்தன எண்ணெய்ல இறக்குறாங்க, மிட்டி அத்தர்னு பேரு. 1964ல ஆஸ்திரேலியாவுல ரெண்டு விஞ்ஞானிங்க இந்த மழை வாசத்துக்கு பெட்ரிகோர்னு பேரு வெச்சாங்க. தோல்ல போட்டா முதல் பத்து நிமிஷம் கண்ண மூடுனா செம்மண் காட்டுல கோடை மழை விழுந்த மாதிரி, அப்றம் அடங்கி சந்தனம் மட்டும் மிஞ்சும். அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் காசு.

கஸ்தூரி: உண்மையான கஸ்தூரி மான்லருந்து வர்றது, அதோட வியாபாரத்துக்குத் தடை இருக்கு. கடையில கிடைக்கிற கஸ்தூரி, ஒயிட் மஸ்க் எல்லாம் லேப்ல செஞ்சதுதான், சிலதுல கஸ்தூரி வெண்டை விதையோட எண்ணெய் இருக்கும். இதுல ஒரு வேடிக்கை, சில மஸ்க் பொருள் சில பேர் மூக்குக்குத் தெரியவே தெரியாது, மூக்கு நல்லாதான் இருக்கும், அந்த ஒண்ணு மட்டும் எட்டாது. அதனால மஸ்க் போட்டா "வாசமே இல்ல"ன்னு சொல்லி பாட்டில வீசுறதுக்கு முன்னாடி வீட்டுல ரெண்டு பேர்கிட்ட கைய நீட்டிக் கேளுங்க.

ஜவ்வாது, புனுகு பத்தி தனியா எழுதணும், இங்க இவ்வளவு போதும்: ரெண்டும் துளியூண்டு, கடுகளவு, அதுக்கு மேல போனா தலைவலி. புனுகுன்னு கடையில சல்லிசா கிடைக்கிறது பூனைகிட்ட இருந்து வந்ததா இருக்காது, அதுவும் நல்லதுக்குத்தான்.

மூக்கு ஏமாத்தும்

போட்டு 20 நிமிஷத்துல உங்களுக்கு வாசம் தெரியாம போனா அது போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஒரே வாசம் தொடர்ந்து வந்தா மூக்கு அத கணக்குல எடுக்குறத நிறுத்திடும், வீட்டுல மாடு வெச்சிருக்கிறவங்களுக்கு சாணி வாசம் தெரியாத மாதிரி. வெளிய போய் ஒரு நடை நடந்துட்டு வந்து மோந்து பாருங்க, இல்ல யாரையாவது கேளுங்க. கேக்குறப்ப "நல்லாருக்கா"ன்னு கேக்காதீங்க, நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. "என்ன வாசம் வருது"ன்னு கேளுங்க. என் அம்மா மாதிரி ஆள் வீட்டுல இருந்தா கேக்கவே வேணாம்.

ரெண்டு நாளாவது இடைவெளி விட்டு அதே எண்ணெய இன்னொரு தடவ போட்டுப் பாருங்க, முடிஞ்சா வெயில் நாள் ஒண்ணு, மழை நாள் ஒண்ணு. ரெண்டு தடவயும் சாயங்கால வாசம் பிடிச்சிருந்தா போய் 3 மில்லி வாங்குங்க. காலை வாசம் பிடிச்சு சாயங்காலம் பிடிக்கலன்னா வாங்காதீங்க, ஏன்னா காலை வாசம் அரை மணி, சாயங்கால வாசம் எட்டு மணி நேரம்.

துணியும் பாட்டிலும்

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில நேரா போடாதீங்க, எண்ணெய்க் கறை விழும், வெனிலா இருக்குற வாசமா இருந்தா போகப் போக பழுப்பாவும் ஆகும். பழைய ஆளுங்க பஞ்சுல தொட்டுக் காது மடிப்புல சொருகிப்பாங்க, அதான் சரியான வழி, துணியும் கெடாது, வாசமும் மெதுவா வரும். பாட்டில வெயில் படாத இடத்துல, மூடிய இறுக்கி வெய்யுங்க, பைக் டேங்க் கவர்ல, கார் டேஷ்போர்டுல வேணவே வேணாம். எலுமிச்சை, ஆரஞ்சு வாசம் காத்தும் சூடும் பட்டா புளிச்சுடும், புளிச்சத தோல்ல போட்டா அரிப்பு வர வாய்ப்பு அதிகம், ஒரு வருஷத்துக்குள்ள தீத்துடுங்க. சந்தனம், வெட்டிவேர், பச்சௌலி அப்படி இல்ல, வருஷம் ஆக ஆக முனை மழுங்கி இன்னும் நல்லா வரும்.

அந்த 12 மில்லி மல்லி இன்னும் முக்கால் பாட்டில் இருக்கு. அம்மாதான் எடுத்துக்கிட்டாங்க, பஞ்சுல ஒரு சொட்டு தொட்டு பட்டுப்புடவைக்கு நடுவுல ஒரு காகிதத்துல சுத்தி வெப்பாங்க. போன தை மாசம் சொந்தக்காரங்க கல்யாணத்துக்கு அந்தப் புடவையக் கட்டிக்கிட்டு வந்தாங்க, பக்கத்துல நின்னா மல்லி. சரின்னு நானும் மறுநாள் என் கையில ஒரு தொடு தொட்டுப் பாத்தேன். அரை மணியில அந்துருண்டை.